தங்கக் காது

நாசரின் கார் வாசலில் வந்து நின்றபோது ரூபேந்திரன் புது இசைத்தட்டை மூன்றாவது முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் தூசி இல்லை. முதல்முறை துடைத்தபோதே இல்லை. கைக்கு ஏதாவது வேலை கொடுக்காவிட்டால் அது தானாகப் போய்க் கைப்பேசியை எடுத்துவிடும், அந்தக் கேள்வியை மறுபடியும் படிக்க வேண்டியிருக்கும் என்பதற்காகத் துடைத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. ஜொகூரின் தெப்ராவ் பகுதியில் இருந்த அந்த வீட்டின் முன்னறையில் விசிறி சுற்றியும் முதுகு நனைந்திருந்தது.

தாரிங் பெசி, அதாவது இரும்புக் கோரைப்பல் என்று இன்றைக்கு யாரிடமாவது சொன்னால் எந்த ஊர் ஹார்ட்வேர் கடை என்று கேட்பார்கள். எண்பதுகளின் கடைசியில் ஜொகூர் முழுக்க முடி வளர்த்துக்கொண்டு திரிந்த பிள்ளைகளை ஆட்டிவைத்த மலாய் ராக் குழு அது. ஐந்து பேர், ஒரே ஒரு ஆல்பம், பிறகு அடிதடி, அவ்வளவுதான். அந்த ஒரே ஆல்பத்தை ரூபேந்திரன் நான்கு தடவை வாங்கியிருந்தார். சிங்கப்பூரில் அச்சான 1988-ஆம் ஆண்டு முதல் பதிப்பு, ரொம்ப நாள் கழித்து வந்த நீல நிறத் தட்டு, ஜப்பான்காரர்கள் போட்டது, இப்போது கோலாலம்பூரில் இரண்டு இளைஞர்கள் பழைய ஒலிநாடாவைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்திருக்கும் கனத்த தட்டு. ஒரே பாட்டை எதற்கு நாலு தட்டில் வாங்குகிறீர்கள் என்று மனைவி பிரேமலா கேட்பதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. ஒரே பாட்டு இல்லை என்பதுதான் இந்த மனிதரின் வாழ்க்கைக் கொள்கை. நீலத் தட்டில் பேஸ் கிட்டார் வீங்கிப்போயிருக்கும். ஜப்பான் தட்டில் பாடகர் மூச்சை இழுப்பதுகூடக் கேட்கும், ஆனால் டிரம் பக்கத்து வீட்டில் வாசிப்பது போல இருக்கும். இதையெல்லாம் அவர் ஃபேஸ்புக் குழுவில் விலாவாரியாக எழுதுவார். அதைப் படித்துவிட்டுத்தான் வாங்கலாமா வேண்டாமா என்று நாலாயிரம் பேர் முடிவு செய்வார்கள். குழுவில் அவருக்குப் பெயர் ‘தெலிங்கா எமாஸ்’, தங்கக் காது. சாதாரண ஆள் இல்லை.

ஒன்பது நாளுக்கு முன்னால் புதுத் தட்டைப் பற்றி எழுதினார். மூன்றாவது பாட்டில் டிரம்மின் சிம்பலையே காணோம், ஓரத்தில் தட்டித் தட்டிப் பாட்டை ஓட்டிக்கொண்டு போகிற அந்த வெண்கலச் சத்தத்தை மறுபதிப்பில் கழுவித் துடைத்துவிட்டார்கள், காசைக் கரியாக்காதீர்கள் என்று கொஞ்சம் காரமாகவே எழுதிவிட்டார். அன்றைக்கே முப்பது நாற்பது பேர் ஆர்டரை ரத்து செய்தார்கள். மறுநாள் தட்டைக் கொண்டுவந்த அந்த இளைஞர்களில் ஒருவன் பதிவுக்குக் கீழே கேட்டிருந்தான். எந்த நிமிடத்தில் என்று சொல்லுங்கள் பாங், அச்சை நிறுத்திவிட்டுச் சரிபார்க்கிறோம். கோபமே இல்லாமல் அண்ணன் என்று அழைத்துக் கேட்டிருந்தான். அதுதான் ஆளைத் தின்றது.

பதில் எழுத உட்கார்ந்த சாயங்காலம் பிரேமலா சமையல்கட்டிலிருந்து வந்து நின்றாள். “மெஷின் கத்திக்கிட்டே கெடக்கு, பக்கத்துலதானே உக்காந்திருக்கீங்க? நிப்பாட்டக்கூடாதா?” ரூபேந்திரன் சலவை இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தார். சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. சத்தம் வரவில்லை. யோசனையில் இருந்தேன் என்று சொல்லிச் சமாளித்துவிட்டு, அவள் கடைக்குப் போனதும் அதை வெறுமனே ஓடவிட்டு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஓடி முடிந்தது. விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. அவர் காதுக்கு ஒன்றும் வரவில்லை.

முப்பத்தோரு வருஷம் தகடு அடிக்கிற தொழிற்சாலையில் வேலை. காதடைப்பான் கொடுக்கத்தான் கொடுத்தார்கள். அது அரிக்கிறது என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நின்றவர் அவர். அச்சு விரிசல் விடப்போவதை இயந்திரத்தின் சத்தத்திலேயே கண்டுபிடிப்பார் என்று பெயர் வேறு. வருகிற வியாழக்கிழமை கம்பெனியில் எல்லாருக்கும் காது சோதனை. ஆனாலும் பிடித்துக்கொள்ள அவருக்கு ஒன்று இருந்தது. பழைய தட்டில் அந்தச் சிம்பல் கேட்கிறதே! நேற்றுக்கூடப் போட்டுப் பார்த்தார், பளிச்சென்று கேட்டது. காது போயிருந்தால் அதிலும்தானே கேட்கக்கூடாது? சலவை இயந்திரத்தில்தான் ஏதோ கோளாறு. இதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பத்தாவது தடவை சொல்லும்போதும் பயமாகத்தான் இருந்தது.

“பசியாறிட்டியா?” என்று கேட்டுக்கொண்டே நாசர் உள்ளே வந்தார். கையில் ரொட்டி சானாய்ப் பொட்டலம். ஆயர் ஈத்தாமில் அவருக்கு உணவுக்கடை. ஞாயிறு காலை மனைவியைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டு ஓடிவந்துவிடுவார். பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதம்.

“என் ரெக்கார்டும் வந்திருச்சுடா. எனக்குச் சிம்பல் கேக்குதே.”

“ஒனக்கு ரொட்டி வேகுற சத்தம்தான்டா கேக்கும்” என்றார் ரூபேந்திரன். சிரித்தபோது உதடு ஒட்டிக்கொண்டது.

“அதுக்குத்தானே வந்திருக்கேன். சுவத்தைப் பாத்து உக்காரு லா.”

இருவருக்கும் இடையே பன்னிரண்டு வருஷமாக இருக்கிற வழக்கம் அது. ஒருவர் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும், மற்றவர் எந்தப் பதிப்பு என்று காட்டாமல் தட்டைப் போட வேண்டும், உட்கார்ந்தவர் கேட்டே சொல்ல வேண்டும். ரூபேந்திரன் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. சொல்லப்போனால் அந்தத் தங்கக் காதுப் பட்டமே இந்த நாற்காலியில்தான் கிடைத்தது, வீடியோ எடுத்துக் குழுவில் போட்டவர் நாசர்தான். இன்றைக்கு வேண்டாம், தலைவலி என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தார். சொன்னால் ஏன் என்று கேட்பான். போய் உட்கார்ந்தார்.

பின்னால் உறை உரசியது. தட்டு சுழல்மேடையில் இறங்கும் சத்தம் தொப்பென்று கனமாக விழுந்தது. “புதுசு” என்று மனசு உடனே சொன்னது. பாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை. ரூபேந்திரனுக்கு முகம் சுட்டது. ஐந்தாறு மாதமாகவே தான் பாட்டைக் கேட்டுச் சொல்லவில்லை, தட்டு விழுகிற கனத்தைக் கேட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அந்த இடத்தில்தான் அவருக்கே பிடிபட்டது. ஏமாற்ற வேண்டும் என்று நினைத்துச் செய்ததில்லை. அதுவாகவே அப்படி வந்து சேர்ந்துவிட்டது.

“புதுசு” என்றார் பாட்டு தொடங்கி அரை நிமிடம் கழித்து. “சிம்பல் இல்ல பாரு.”

நாசர் ஊசியைத் தூக்கினார். மறுபடி உறை உரசல். இந்த முறை தட்டு இலேசாக, தட்டையாக இறங்கியது. பழசு. பிறகு கொஞ்சநேரம் அவர் எதையோ நோண்டிக்கொண்டு நின்றார். ஊசி இறங்கியது, பழக்கமான கீறல் சத்தம் ஆறு தடவை வந்து போனது, கிட்டார் எழுந்தது. கனத்தை மறந்துவிட்டுக் கேள் என்று ரூபேந்திரன் தனக்கே உத்தரவு போட்டார். கண்ணை மூடிக் கேட்டார். டிரம் நுழைந்தது. இதோ, இரண்டாவது சுற்றில், வெண்கலம் தட்டத் தொடங்கியது. துளித் துளியாக, சுத்தமாக, பதினெட்டு வயதில் கேட்ட அதே சிம்பல். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. காது போகவில்லை. ஒன்பது நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போவது போல இருந்தது.

“பழசு!” என்று கத்திக்கொண்டே திரும்பினார். “கேட்டியாடா? சிம்பல் எப்படி அடிக்குது பாத்தியா? இததான்டா நான் எழுதுனேன்!”

நாசர் சிரிப்பதற்குத் தயாராக வைத்திருந்த முகத்தோடு ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்றிருந்தார். அந்தச் சிரிப்பு வரவில்லை. விரல்கள், கீச்சொலிகளை ஏற்றி இறக்கும் டிரெபிள் குமிழின் மேல் இருந்தன. குமிழின் வெள்ளைக் கோடு அடி வரைக்கும் திருகப்பட்டிருந்தது.

“ரூபன்…” என்றார். “நான் டிரெபிள முழுசா எறக்கி வச்சிருக்கேன்டா. சும்மா வெளையாட்டுக்கு. ஐயோ எங்கடா சிம்பல்னு நீ கத்துவேன்னு நெனச்சேன். இதுல எனக்கே சிம்பல் கேக்கல.”

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ரூபேந்திரனுக்குச் சிம்பல் இன்னும் கேட்டது. முப்பத்தேழு வருஷமாக அந்தப் பழைய தட்டிலேயே கேட்டு மனப்பாடமான பாட்டு, யாரும் வாசிக்காமலே உள்ளே வாசித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்த அவருக்கு வழி தெரியவில்லை.

பிரேமலா தேநீர்த் தட்டோடு வாசற்படியில் வந்து நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லாததைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டார்.

“எவ்வளவு நாளா?” என்றார் நாசர் மெதுவாக.

“தெரியல.”

“டாக்டர்கிட்ட போலாம்ங்க” என்றாள் பிரேமலா. “நாளைக்கே போலாம்.”

“போலாம்.” கைப்பேசியை எடுத்து அந்தப் பையனின் கேள்வியைத் திறந்தார். எழுத விரல் வரவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு, “புதுச போடுடா” என்றார். “டிரெபிள ஏத்து.”

“இப்ப எதுக்குடா?”

“போடு. அது எப்பெப்ப அடிக்குதோ அப்பல்லாம் வெரலத் தூக்கிக் காட்டு.”

நாசர் குமிழைப் பழைய இடத்துக்குத் திருகினார். கனத்த தட்டு சுழன்றது. ரூபேந்திரன் இந்த முறை சுவரைப் பார்த்து உட்காரவில்லை, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நண்பனின் கையையே பார்த்தார். கிட்டார் வந்தது, பாடகர் வந்தார், டிரம் நுழைந்தது. நாசரின் சுட்டுவிரல் எழுந்து தாழ்ந்தது. உடனே மறுபடி எழுந்தது. பிறகு நிற்காமல், நாலு நாலாக, கையே குலுங்குகிற வேகத்தில் எழுந்து எழுந்து தாழ்ந்தது. ரூபேந்திரன் பிரேமலாவைப் பார்த்தார். தேநீர்த் தட்டின் விளிம்பைப் பிடித்திருந்த அவளுடைய கட்டைவிரலும், அவளுக்கே தெரியாமல், அதே கணக்கில் தட்டிக்கொண்டிருந்தது.