டைரக்டர் குடிக்க ஒரு டம்ளர் தண்ணீர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுத எனக்கு எந்த உள் உந்துதலும் ஏற்படவில்லை. ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆண்டு மலருக்கு ‘வேதிவினைகளில் ஆற்றல் மாற்றம்’ என்று நாலு பக்கக் கட்டுரை கேட்டார்கள். எழுத்தாளன் என்றால் எதையும் எழுதுவான் என்று மலர்க் குழு நம்பியது. அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. என் தங்கை அங்கேதான் டெக்னீஷியன். சந்தேகம் வந்தால் கேட்டுக்கொள்ளலாம் என்று துணிந்தேன். கேட்டேன். அவள் சொன்ன பதிலில் கட்டுரை செத்து, இந்தக் கதை வந்தது.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

‘பிணைப்புகள் உடையும் கணத்தில் பீறிட்டெழுகிறது ஆற்றல்! மனித உறவுகளும் அவ்வாறே அன்றோ…’

தங்கை தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

“தப்புண்ணா.”

“எது, உவமையா?”

“உவமை கெடக்கட்டும். கெமிஸ்ட்ரியே தப்பு. பிரிக்கத்தான் நாம சக்தி குடுக்கணும். புதுசா சேரும்போதுதான் அது திருப்பிக் குடுக்கும். வாங்கினதவிட அதிகமா குடுத்தா, அந்த அதிகம்தான் சூடு, வெளிச்சம், கரண்ட் எல்லாம்.”

“அப்ப என் வாக்கியம்?”

“அடிச்சிடு. நல்லாவும் இல்ல.”

அடிக்கவில்லை. மேலே அப்படியே கிடக்கிறது. நாற்பது வருஷமாகத் தப்பாகத் தெரிந்துவைத்திருந்ததை ஒரே நொடியில் மறைத்துவிட்டால் அதற்கு என்ன மரியாதை?

2

இரண்டாவது தொடக்கம்: ‘ஆய்வகத்தின் சாளரங்களில் இளங்கதிர் மெல்லப் பட…’ (ஆய்வகத்துக்குச் சாளரமே கிடையாதாம்.)

சரி, நேராக வருகிறேன். ஜன்னல் இல்லாத அறை. ஒரு மேசை. அதன்மேல் செருப்புப் பெட்டி அளவில் ஓர் எரிபொருள் மின்கலம். ஒரு பக்கம் சிலிண்டரிலிருந்து ஹைட்ரஜன் வருகிறது, மறுபக்கம் சின்ன விசிறி காற்றைத் தள்ளுகிறது. ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் உள்ளே தீயில்லாமல் சேர்ந்து மின்சாரம் தருகின்றன, கொஞ்சம் சூடும் தருகின்றன. கடைசியில் மிஞ்சுவது தண்ணீர். பேட்டரி டிபன் டப்பா மாதிரி, கொண்டுபோனது தீர்ந்தால் தீர்ந்தது. இது அடுப்பு மாதிரி, தள்ளத் தள்ள எரியும்.*

ஆறு வருஷமாக அதைப் பிரித்துப் பிரித்துக் கூட்டியவள் என் தங்கை. அவள் அதை ‘மெஷின்’ என்பாள். பெரியவர்கள் அதை ‘நாளைய உலகின் நம்பிக்கை’ என்பார்கள், ஆனால் அந்த அறைக்குப் போகும் வழி அவர்களுக்குத் தெரியாது.

பெரியவர்களில் பெரியவர் டைரக்டர். ஊழியர்கள் வைத்த பெயர் ‘மைக்’. முன்னால் மைக் இல்லாவிட்டாலும் இருப்பதுபோலவே பேசுவார். லிஃப்டில் “வணக்கம் சார்” என்று சொன்னவர்கள் நாலு மாடி கடந்தும் இறங்க முடியாமல் நின்றதுண்டு. (மிகைப்படுத்துகிறேனோ என்று சந்தேகம் வந்து தங்கையைக் கேட்டேன். “கொறச்சுத்தான் எழுதிருக்க” என்றாள்.)

* தங்கையின் குறிப்பு: “அடுப்புன்னு எழுதாத. அடுப்பு எரியும், இது எரியாது.” அவள் சொல்வது சரி. ஆனால் இதைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தால் நீங்களே மேலே மாற்றிக்கொள்ளுங்கள்.

3

நிறுவனத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாள் நெருங்கியது. டைரக்டருக்கு ஒரு யோசனை. மேடையில் மெஷின் பத்து பல்புகளை எரிக்கும். அவர் பத்து நிமிஷம் பேசுவார். பிறகு, மெஷினிலிருந்து வந்த தண்ணீரை உயர்த்திப் பிடித்து, “எங்கள் புகை இதுதான்!” என்று சொல்லி ஒரே மூச்சில் குடிப்பார். கண்ணாடி முன்னால் ஒத்திகையும் பார்த்துவிட்டாராம்.

தங்கை சொன்னாள்: “சார், பத்து நிமிஷத்துக்கு ரெண்டு ஸ்பூன்கூட வராது.”

“ரெண்டு ஸ்பூன் குடிச்சா மருந்து குடிக்கிற மாதிரி இருக்கும்மா. டம்ளர் நிறைய வேணும். பெரிய டம்ளர்.”

“வராது சார்.”

“வர வைக்கணும். பின்னாடி ஒரு தண்ணி பாட்டில மறைச்சு வெச்சு, ஒரு குழாய விட்டுடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியும் சார்.”

மைக் சிரித்தார். மேசைமேல் இருந்த காகிதத்தை இரண்டு விரலால் தட்டினார். தங்கையின் வேலையை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டிக்கும் காகிதம் அது. கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

“டம்ளர் நெறையலன்னா, அந்தப் பெட்டிய ஸ்டோர் ரூமுக்கு அனுப்பிடலாம். கூடவே யாராவது காவலுக்குப் போகணுமில்ல?”

“டம்ளர் நெறைஞ்சிருக்கும் சார்” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

(இந்த இடத்தில் அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். படித்துவிட்டு, “நான் எங்க அழுதேன்? பசிச்சுது, கேன்டீனுக்குப் போனேன்” என்றாள். அந்தப் பத்தி இப்போது இல்லை.)

4

பாட்டில் இல்லாமல் டம்ளரை நிறைக்க ஒரே வழி, முன்கூட்டியே ஓட்டுவது. மெஷினை முழு வேகத்தில் ஐந்து மணி நேரம் ஓட்டி, வெளியே போகும் ஆவியை ஐஸ் பக்கெட்டுக்குள் சுருட்டிவைத்த குழாய் வழியாக விட்டால், ஒரு பெரிய டம்ளர் தேறும். ஆனால் சிலிண்டரில் இருந்ததோ ஐந்தரை மணி நேரத்துக்கான கேஸ்தான். புது சிலிண்டர் வர, விழா முடிந்து இரண்டு நாள் ஆகும்.

சிலிண்டர்களைப் பார்த்துக்கொள்பவரை எல்லாரும் கேஸ் அண்ணன் என்பார்கள். அவர் அளவுமானியைத் தட்டிப் பார்த்தார்.

“தண்ணிக்கு அஞ்சு மணி நேரம். மேடைக்கு மிச்சம் அரை மணி நேரம். எப்படிம்மா?”

“அவர் பத்து நிமிஷம்தான் பேசுவேன்னு சொன்னார்ண்ணே.”

“அதச் சொல்லவே பத்து நிமிஷம் ஆச்சேம்மா.”

வேறு வழியில்லை. விழா நாளன்று காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தார்கள். மின்சாரத்தை யாராவது எடுத்துக்கொண்டே இருந்தால்தான் உள்ளே சேர்க்கை நடக்கும், தண்ணீர் வரும். பத்து பல்புகளையும் போட்டார்கள். அதுபோதாதென்று ஒரு மேசை விசிறி. வாட்ச்மேன் போன், ஆபீஸ் அக்கா போன், டைரக்டருடைய டிரைவரின் போன் என்று வந்தவர்களிடமெல்லாம் கேட்டு வாங்கிச் செருகினார்கள். சொட்டுச் சொட்டாக விழுந்தது. பதினொரு மணிக்கு டம்ளர் விளிம்பு வரை வந்துவிட்டது. தங்கை ஒரு மடக்கு குடித்துப் பார்த்தாள்.

“எப்படி?” என்றார் கேஸ் அண்ணன்.

“சப்புன்னு இருக்குண்ணே. ரொம்பச் சுத்தம்.”

5

மைக் பேசத் தொடங்கினார். அவர் பேச்சை இங்கே தர உத்தேசித்திருந்தேன்: ‘ஆற்றல் என்பது யாதெனில்…’ வேண்டாம். நீங்கள் நல்ல மனநிலையில் இருக்கிறீர்கள்.

பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது ஆயிற்று. பேச்சு அப்போதுதான் மனித குலம் தீயைக் கண்டுபிடித்த இடத்துக்கு வந்திருந்தது. மேசைக்குப் பின்னால் தங்கை அளவுமானியைப் பார்த்தாள். கேஸை மிச்சம் பிடிக்க ஒரு பல்பை அணைத்தாள். மூன்று நிமிஷம் கழித்து இன்னொன்று, அப்படியே ஒவ்வொன்றாக. மக்கள் அவரை விட்டுவிட்டுப் பல்புகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். எதிர்பார்ப்பு கூடியது. அதைத் தன் சொல்வன்மை என்று எண்ணிக்கொண்டு மைக் குரலை உயர்த்தினார்.

“இது வற்றாத ஊற்று! இது தீராத…” என்று சொல்லும்போது கடைசி பல்பும் போய்விட்டது.

யாரோ கைதட்டினார்கள். அவர் அசரவில்லை. டம்ளரைத் தூக்கினார். “எங்கள் புகை இதுதான்!”

முன்வரிசையில் ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர் எழுந்தார். கையில் பேனாவும், வாசலில் கொடுத்த கையேட்டின் பின்னட்டையில் போட்ட கணக்கும்.

“சார், அது நிஜமாவே அந்த மெஷின்ல வந்த தண்ணியா?”

“ஒவ்வொரு சொட்டும்!”

“கணக்கு இடிக்குதே சார். நீங்க பேசினது முக்கால் மணி நேரம். பத்து பல்புக்கு அதுக்குள்ள இந்த டம்ளர்ல கால்வாசிகூட வரக் கூடாதே.”

மைக் முதல்முறையாகப் பேச்சை நிறுத்தினார். தங்கையைத் திரும்பிப் பார்த்தார். காப்பாத்து, என்று இருந்ததாம் அந்தப் பார்வை.

தங்கை முன்னால் வந்தாள். “மேடம் சொல்றது சரி. காலைல ஆறு மணியிலேருந்து ஓட்டினோம். அதான் கேஸ் தீர்ந்து பல்பும் போச்சு. டம்ளர்ல இருக்கறது மெஷின் தண்ணிதான். வேற எதுவும் கலக்கல.”

கூட்டம் ஓவென்றது. கைகள் உயர்ந்தன. எவ்வளவு கேஸ்? சூடு எங்கே போகிறது? பேட்டரியைவிட இது எதில் மேல்? ஆறு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்விகளுக்கெல்லாம் நின்ற இடத்திலேயே பதில் சொன்னாள்.

மைக் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை நாலு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. தான் சொன்ன பாட்டில் தண்ணீர்தான் அது என்று அதுவரை நம்பியிருந்தார். அதைச் சந்தோஷமாகக் குடித்திருப்பார். ஆனால் இது நிஜமாகவே மெஷினிலிருந்து…

“சார்” என்றார் டீச்சர், “நீங்க குடிங்க சார்.”

6

முடிவுகள்:

(அ) கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிடுகிறார். அரங்கம் எழுந்து நிற்கிறது. மெஷின் மேசையிலேயே இருக்கிறது, காகிதத்தில் கையெழுத்து விழுகிறது.

(ஆ) “நேரமாகிவிட்டது” என்று டம்ளரை வைத்துவிட்டு, போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு வெளியேறுகிறார். மெஷின் ஸ்டோர் ரூமுக்கு, தங்கை அதன் காவலுக்கு.

(இ) டம்ளரைப் பெருந்தன்மையோடு டீச்சரிடம் நீட்டுகிறார். டீச்சர் அதைக்…

நிஜத்தில் நடந்தது இந்த மூன்றில் ஒன்று. எது என்று எனக்குத் தெரியும். எழுதப் பேனாவை எடுத்தபோது தங்கை தடுத்தாள்.

“எழுதாதண்ணா.”

“ஏன்? படிக்கறவங்க கேப்பாங்களே.”

“அவர் குடிச்சார்னு எழுதினா அவர் நல்லவர் ஆயிடுவார். குடிக்கலன்னு எழுதினா நான் பாவம் ஆயிடுவேன். ரெண்டும் வேணாம்.”

“உன் வேல?”

“அது கெடக்குது. முப்பது பேர் கேள்வி கேட்டாங்க, எல்லாத்துக்கும் பதில் தெரிஞ்சிருந்துச்சு. அந்த நாள் நல்லா இருந்துச்சுண்ணா.” இதைச் சொல்லிவிட்டு ஏதோ முனகிக்கொண்டே குளிக்கப் போய்விட்டாள். பாட்டாக இருக்க வேண்டும்.

ஆகவே டைரக்டரை மேடையிலேயே நிறுத்திவிட்டுப் போகிறேன். வலது கையில் டம்ளர், எதிரே டீச்சர், பின்னால் அணைந்த பத்து பல்புகள். அவர் குடிக்க வேண்டுமா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள். ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள், அவருக்குக் கை வலிக்கும்.