பீரங்கி வீட்டு ஆயுத பூஜை

படப்பையில் வெங்கடேசன் வீட்டுக்கு வழி கேட்டால் கதவு எண்ணை யாரும் சொல்ல மாட்டார்கள். "பீரங்கி வூடா? பால் டிப்போ தாண்டி ரெண்டாவது" என்பார்கள். அவருடைய அப்பா பட்டாளத்தில் பீரங்கிப் படையில் இருந்தவர். ஊராகப் பார்த்து வைத்த பேர் அது. கேட்டு வாங்கியதல்ல.

அந்தப் பேருக்குத்தான் ஆவணியில், மகள் ரஞ்சனியின் கல்யாணப் பந்தியில், பங்கம் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா சுப்பிரமணி பாயசத்தை வழித்துக்கொண்டே கேட்டார்: "சம்பந்தி, உங்கப்பா பட்டாளத்துல சமையக்கட்டுலதான் இருந்தாராமே? பீரங்கின்றது இன்னா, முறுக்கு புழியறதா?"

பந்தியே சிரித்தது. பெண்ணைக் கொடுத்த இடம். வெங்கடேசன் பல்லைக் கடித்துக்கொண்டு, சம்பந்தி இலையில் இன்னும் ஒரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னார்.

மறுநாளே மாடியேறினார். அங்கே வாடகைக்கு இருந்த வனமாமலை திருநெல்வேலிக்காரன். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. ரிமோட்டில் ஓடும் பட்டாள லாரி ஒன்று வைத்திருந்தான். அசலில் பதினாலில் ஒரு பங்கு. அதன் பின்னால் இழுத்துப் போக அதே அளவில் ஒரு பீரங்கி செய்வது, ஆயுத பூஜையன்று சம்பந்தி கண்ணெதிரே ஊர்வலம் விடுவது என்று முடிவாயிற்று.

அப்பா பீரங்கியோடு நிற்கும் போட்டோவை வைத்து வேலை நடந்தது. குழலுக்குப் பழைய ரேடியோவின் ஏரியல், முன்தகட்டுக்கு எண்ணெய் டின் தகரம். ஒரு திருகாணி அரை மில்லி கூடினாலும் வெங்கடேசன் கழற்றச் சொன்னார்.

"அண்ணாச்சி, இதை எவம் அளந்து பாக்கப் போறான்?"

"நான் பாப்பேன்."

"எங்க கம்பெனி இன்ஸ்பெக்‌ஷனே தேவல" என்று முனகிக்கொண்டே வனமாமலை கழற்றினான்.

பூஜையன்று வெள்ளைச் சட்டையில் சம்பந்தி வந்து இறங்கினார். லாரி வாசலில் தெருவைப் பார்த்து நின்றது. பின்னால் பீரங்கி, சந்தனம் குங்குமத்தோடு. வெங்கடேசன் லாரிக்கு எதிரே சம்பந்திக்கு நாற்காலி போட்டிருந்தார். சுப்பிரமணியோ நிழல் பார்த்து அதை லாரிக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த மறுகணம், "இன்னா சம்பந்தி, பீரங்கி மூஞ்ச திருப்பிக்கினு கீது? தப்பா மாட்டிட்டீங்களே!"

"இழுத்துக்கினு போறப்ப பீரங்கி பின்னாடிதான் பாக்கும். எங்கப்பா சொன்னது. சமையக்கட்டுல இருந்தவருக்கு இதெல்லாம் தெரியுமா?"

"ஜன்னல் வழியா பாத்திருப்பாரு."

தெருவே சிரித்தது. வெங்கடேசன் இன்னும் நிமிர்ந்து நின்றார்.

அவர் மனைவி சுந்தராம்பாள் கற்பூரம் காட்டிவிட்டு, வழக்கம்போல முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். வனமாமலை குனிந்து பார்த்தான். பழம் டயரில் பாதி உயரம் இருந்தது.

"அண்ணாச்சி, இது ஏறாது. எடுத்துருவமா?"

"இந்த வூட்டு வண்டி பழம் நசுக்காம கெளம்பினதே இல்ல."

"எல்லாத்தையும் பதினாலுல ஒரு பங்கு பண்ணீங்க, பழத்த வுட்டுட்டீங்களே!" என்று சுப்பிரமணி தொடையில் தட்டிச் சிரித்தார்.

லாரி உறுமியது. பழத்தின் மேல் ஒரு சக்கரம் ஏறப் பார்த்து வழுக்கி இறங்கியது. மறுபடி ஏறியது, மறுபடி இறங்கியது. பீரங்கி பின்னால் நின்று தலையாட்டியது. சுப்பிரமணிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"முழு ஸ்பீடுல வுடு" என்றார் வெங்கடேசன்.

வனமாமலை விட்டான். முன்சக்கரம் துள்ளித் தாண்டியது. நசுங்கிய பழம் லாரியின் வயிற்றுக்கடியில் உருண்டு பின்சக்கரத்தில் சிக்கியது. சக்கரம் அதைச் சுழற்றி எறிந்தது. பீரங்கியின் குழலுக்கு நேர் கீழே பாய்ந்து வந்த பழம், சம்பந்தியின் தொப்பையில் சொத்தென்று விழுந்தது.

"டேய், பீரங்கி சுட்டுடுச்சுடா!" என்று தெரு கத்தியது.

"அது சக்கரத்துல மாட்டி..." என்று தொடங்கிய வனமாமலை, வெங்கடேசன் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

சுந்தராம்பாள் துண்டோடு ஓடினாள். "ஐயோ, தொடைச்சுக்கோங்க அண்ணே."

சுப்பிரமணி சட்டையில் ஒட்டிய கொட்டையைப் பார்த்தார். தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும் குழலைப் பார்த்தார். "இன்னா சம்பந்தி, என் மேலயே சுட்டுட்டீங்க?"

பெண்ணைக் கொடுத்தவர் மன்னிப்புக் கேட்டுத்தான் ஆகவேண்டும். வெங்கடேசன் கை கூப்பினார். முதுகு மட்டும் வளையவில்லை.

"மன்னிச்சுக்கணும். நீங்க சம்பந்தியாச்சேன்னுதான் குறிய தாழ்வா வெச்சோம்."

சுப்பிரமணியின் மீசை துடித்தது. கோபமா என்று தெரியுமுன் அவர் போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார்.

"லோகேஷ், எங்கடா கீற? நான் பீரங்கி வூட்டுலதான் கீறேன். வர்றப்ப எனக்கு வேற சட்டை ஒண்ணு எடுத்துக்கினு வா. இல்ல, ரெண்டா எடுத்துக்கோ. லாரி இன்னொரு ரவுண்டு வருதாம்."