ஏழாவது பாட்டில் விழுந்த பல்

பல் டாக்டருக்கு ஒரே ஓர் ஆசைதான். தன்னிடமிருந்த ஒரு பிரெஞ்சுப் பாடகியின் ஆல்பத்தை யாராவது ஒருவர் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை உட்கார்ந்து கேட்டு, எப்படி இருந்தது என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

அவர் மனைவி பாதிப் பாட்டில் அடுப்பைப் பார்க்கப் போவாள். போனவள் திரும்பி வந்ததாகச் சரித்திரம் கிடையாது. நண்பர்களோ, "பாஷை புரியலையே டாக்டர்" என்று கைகழுவிவிட்டார்கள். டாக்டருக்கு மட்டும் புரிந்ததா என்ன? இரண்டாம் பாட்டில் பாட வாயெடுக்கும் முன் பாடகி மூச்சை இழுக்கிற சத்தத்தை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். அதற்கு எதற்குப் பாஷை?

கடைசியில் கிளினிக்கிலேயே பாட்டைப் போட்டு நோயாளிகளைப் பிடித்தார். நாற்காலியில் சாய்ந்தவன் எழுந்து ஓட முடியாதல்லவா? ஆனால் வாய் நிறையக் கருவியை வைத்துக்கொண்டு விமர்சனமும் சொல்ல முடியாது. "எப்படி?" என்று கேட்டால் எல்லோரும் "ஆ" என்றார்கள். வலியா ரசனையா என்று பிரித்தறிய வழியில்லை.

அப்போதுதான் ஒரு லாரி டிரைவர் சொத்தைக் கடைவாய்ப்பல்லோடு வந்து சாய்ந்தார். ஏழாவது பாட்டு. வாத்தியமெல்லாம் சட்டென்று நின்றுவிட, பாடகி மட்டும் துணையில்லாமல் மேலே மேலே ஏறுகிற இடம். டாக்டர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பல் தானாகக் கழன்று, டிரைவரின் உதட்டைத் தாண்டி, 'ணங்' என்று தட்டில் விழுந்தது. சொட்டு ரத்தம் இல்லை.

"டாக்டர், பல்லு தானா வந்துடுச்சு!" என்றாள் நர்ஸம்மா.

"அதை விடும்மா. அந்த இடத்தைக் கேட்டியா?"

"எங்க டாக்டர் கேக்கறது? பல்லைப் பாக்கவே ரெண்டு கண்ணு பத்தல."

செய்தி பரவி, மறுநாள் நோயாளிகள் வரிசை மாடிப்படி இறங்கித் தெருவுக்குப் போனது. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. முதலில் வந்த பேங்க் மேனேஜர், உட்காரும்போதே கையைக் காட்டினார்.

"ஏழாவதை மட்டும் போடுங்க. ஆபீஸுக்கு நேரமாச்சு."

"ஆறையும் கேக்காம ஏழாவதுக்கு எப்படி சார் வர்றது? ஆறாவதுல அவ அவ்வளவு அடக்கிப் பாடுறதாலதானே..."

"எனக்கு ஆடுறது ஒரு பல்லுதான் டாக்டர். ஒரு பாட்டு போதும்."

எல்லோரும் அப்படித்தான். பல் விழுந்ததும் பாட்டின் நடுவிலேயே எழுந்து போனார்கள். நல்ல பல் உள்ளவர்களோ பயந்துபோய்க் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள். நர்ஸம்மா, மாடியிலிருந்த தையல்காரர், தபால்காரர்கூட. வீட்டில் டாக்டர் சவரம் செய்யும்போது அந்த மெட்டை முணுமுணுத்தால், மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நிறுத்துங்க! முப்பத்திரெண்டையும் பத்திரமா வெச்சிருக்கேன். உங்க பாட்டுக்குத் தாரைவார்க்க முடியாது."

ஊரே தேடி வருகிற ஆல்பம். கேட்பதற்குத்தான் நாதியில்லை.

இந்த நிலையில் மாமனார் வந்தார். பல்செட் தளர்ந்துவிட்டதாம். இழப்பதற்குச் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லாத மனிதர்! டாக்டர் வரிசையைத் திருப்பி அனுப்பினார், கதவைச் சாத்தினார், செட்டைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தார், முதல் பாட்டைப் போட்டார். மாமனார் அசையவில்லை. டாக்டர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, எந்த நல்ல இடத்தையும் அவர் தவறவிடாமல் பார்த்துக்கொண்டார்.

கடைசிப் பாட்டு முடிந்தது. மாமனார் செட்டை மாட்டிக்கொண்டார்.

"எப்படி மாமா?" என்று டாக்டர் முக்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டார்.

"அந்தப் பொண்ணு பாடினாளா மாப்ளே?"

"என்ன மாமா இப்படிக் கேக்கறீங்க!"

"இல்ல, 'இதைக் கேளுங்க, இந்த இடத்தைக் கேளுங்க'ன்னு உங்க குரல்தான் முழுசாக் கேட்டுது. பாவம், அவ எங்கயோ பின்னாடி நின்னுக்கிட்டிருந்தா. எம் பொண்ணு ஏன் பாதியில எந்திரிச்சுப் போறான்னு இப்பத்தான் புரியுது."

டாக்டருக்கு முகத்தில் ஈயாடவில்லை. "மறுபடி போடறேன் மாமா. வாயே திறக்க மாட்டேன்," என்றார்.

முதல் பாட்டு தொடங்கியது. டிரம்ஸ் தாமதமாக, தயங்கித் தயங்கி நுழைகிற இடம் நெருங்கியது. டாக்டர் உதட்டைக் கடித்தார். முகம் சிவந்தது, நரம்பு புடைத்தது, முக்காலி கிறீச்சிட்டது.

"என்ன மாப்ளே, உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல மாமா, நீங்க கேளுங்க," என்றார் டாக்டர்.

அதற்குள் டிரம்ஸ் நுழைந்துவிட்டிருந்தது. டாக்டர் எழுந்துபோய் மறுபடியும் முதலிலிருந்து போட்டார்.