நாற்பத்தொன்றுக்கு ஒரு சொட்டு சோப்பு

“சோப்பு போட்டுப் பாத்தீங்களா மேடம்?”

“பாக்கலாம் சார்.”

“போன மாசமும் இதையேதான் சொன்னீங்க.”

இப்படிக் கேட்டவருக்கு ஆய்வகத்தில் ‘சந்தேகம்’ என்று பெயர். இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர். தராசு சரியாகக் காட்டினால் மேசை ஆடுகிறதா என்று குனிந்து பார்ப்பார். எல்லோரும் அவரைக் கேலி செய்வார்கள். பிறகு அவர் சொன்னதைச் சத்தமில்லாமல் செய்துவிடுவார்கள்.

அவள் மட்டும் செய்யவில்லை. மூன்று வருடமாக அவள் தேடிக்கொண்டிருந்தது மறதி நோய்க்கான மருந்து. அந்த நோயில் மூளைக்குள் ஒரு நொதி புரதத்தைக் கத்தரித்துப் போடுகிறது. விழுந்த துண்டுகள் ஒட்டிக் கட்டியாகின்றன. கத்தரியின் வாயை அடைக்க ஒரு மூலக்கூறு வேண்டும். நாற்பது தோற்றுப் போயின. நொதி வேலை செய்தால் சோதனைத் தட்டின் குழிகள் ஒளிரும், நின்றுபோனால் இருட்டு. நாற்பத்தொன்றாவது மூலக்கூறை ஊற்றிய குழிகள் அத்தனையும் இருட்டு.

“திங்கக்கெழமை இதைக் கூட்டத்துல வெச்சிருவீங்க. அப்புறம் எலிக்குக் குடுப்பாங்க. எலி பாவம் மேடம்.”

“எலி மேல இருக்கிற அக்கறை என் மேல இல்லையே சார்.”

“உங்களுக்கு வாய் இருக்கே.”

சில மூலக்கூறுகள் தண்ணீரில் தாமாகக் கும்பல் சேரும். நொதி அந்தக் கும்பலில் போய்ச் சிக்கிக்கொண்டு நின்றுவிடும். பார்வைக்கு மருந்து வேலை செய்தது போலவே இருக்கும். ஒரு சொட்டு சோப்பு விட்டால் கும்பல் கலைந்துவிடும். அதற்குப் பிறகும் இருட்டாக இருந்தால்தான் அது மருந்து. ஒரு மணி நேர வேலை. அதைத்தான் ஒரு மாதமாகத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

கைப்பேசி அடித்தது. அண்ணன். அந்த நோய் வந்த அப்பா அவன் வீட்டில்தான் இருக்கிறார்.

“அப்பா என்ன பண்றார்?”

“பையை மடியில வெச்சுக்கிட்டு சோபாவுல உக்காந்திருக்கார். பஸ்ல போறாராம். நான் கண்டக்டராம். எப்ப எடுப்பீங்கன்னு கேக்கறார்.”

“நீ என்ன சொன்னே?”

“டிரைவர் சாப்பிடப் போயிருக்கார்னேன். உங்களுக்கெல்லாம் இதே பொழப்பாப் போச்சுன்னு திட்டறார்.”

இருவரும் சிரித்தார்கள். அவன்தான் முதலில் நிறுத்தினான்.

“அந்த முதியோர் இல்லத்துலேருந்து கூப்பிட்டாங்க. ஒரு படுக்கை காலியாயிருக்காம். அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும். இல்லேன்னா அடுத்தவங்களுக்குப் போயிடும். நான் வேண்டாம்னு சொல்லிடறேன்.”

“ஏன்?”

“என்ன ஏன்? உன் மருந்து கெடைச்சிருச்சுன்னு நீதானே சொன்னே? அதுவரைக்கும் எப்படியாவது சமாளிச்சுக்கறேன்.”

அவள் அப்படிச் சொன்னது உண்மைதான். போன மாதம் அவன் வீட்டுக்குப் போன அன்றைக்கு அவன் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். அப்பாவைக் குளிப்பாட்டும்போது பிடித்துக்கொண்டதாம். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. ‘ஒண்ணு கெடைச்சிருக்குண்ணா’ என்றாள்.

“நான் கூப்பிடற வரைக்கும் அவங்களுக்கு ஒண்ணும் சொல்லாதே.”

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. “சோப்பை எடுங்க சார்.”

“இப்பவா? என்ன மேடம் திடீர்னு?”

“எடுங்களேன்.”

தட்டில் மூன்று வரிசை. ஒன்றில் நாற்பத்தொன்று மட்டும். ஒன்றில் நாற்பத்தொன்றும் சோப்பும். மூன்றாவதில், நொதியை நிறுத்தும் என்று ஏற்கெனவே தெரிந்த, ஆனால் மனிதர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் கைவிடப்பட்ட பழைய மருந்தும் சோப்பும். இயந்திரத்தின் மூடியைச் சாத்திவிட்டு இருவரும் திரையைப் பார்த்தபடி நின்றார்கள்.

முதல் வரிசை இருட்டு. மூன்றாவதும் இருட்டு. நடு வரிசை குழி குழியாக ஒளிர்ந்தது.

“இன்னொரு தடவை போட்டுப் பாப்போமா மேடம்? என் சோப்புலகூடக் கோளாறு இருக்கலாம்.”

“பழைய மருந்து அதே சோப்புல இருட்டாத்தானே சார் இருக்கு? உங்க சோப்பு நல்ல சோப்பு.”

அவர் தலையாட்டிவிட்டு, துடைக்கத் தேவையில்லாத மேசையைத் துடைத்தார். அவள் வெளித் தாழ்வாரத்துக்குப் போய் அண்ணனை அழைத்தாள்.

“அண்ணா, மருந்து இல்ல.”

“இல்லேன்னா?”

“வேலை செய்யற மாதிரி காட்டியிருக்கு. அவ்வளவுதான்.”

அவன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

“சரி. நெஜமாவே இருந்திருந்தா எப்ப கைக்கு வந்திருக்கும்?”

“எலி, அப்புறம் மனுஷங்க. பத்து வருஷம் ஆகும். வராமலும் போகலாம்.”

“பத்து வருஷமா? அப்பாவுக்கு எம்பத்திரெண்டு.”

“தெரியும்.”

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருக்கலாம்.”

“இன்னிக்கு உன் மருந்து பாஸாகியிருந்தா? இல்லத்துக்கு வேண்டாம்னு என்னைச் சொல்ல விட்டிருப்பியா?”

எதிர்ச் சுவரில் தீயணைப்பு வாளி தொங்கியது. அதில் மணல் பாதிதான் இருந்தது.

“சரி விடு. அப்பாவை அங்க சேத்துடுன்னு நீ சொல்லு.”

“கூட இருந்து பாக்கறவன் நீ. நான் எப்படிண்ணா...”

“அதனாலதான் கேக்கறேன். நாளைக்கு அங்க உக்காந்துக்கிட்டு என் வீடு எங்கேன்னு அவர் கேப்பார். அனுப்பினது நான் ஒருத்தன் மட்டும்னு இருக்கக் கூடாது. உன் வாயால சொல்லு.”

“சேத்துடுண்ணா.”

“ம். வை. அவங்களுக்குப் போன் போடணும்.”