அத்தான் நூடுல்ஸ் கிண்டிய ஞாயிற்றுக்கிழமை

என் அத்தான் செந்தூர்பாண்டியைப் போல மென்மையான மனிதரை ஆனைக்குட்டம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. வெடிமருந்து கலக்கும் ரூமுக்குப் போர்மேன். பெட்டியைத் தரையில் இழுக்க மாட்டார், தூக்கித்தான் வைப்பார். மூடியைத் தட்ட மாட்டார். அதட்டினால் ஆளுக்குக் கை நடுங்கும், நடுங்கினால் மருந்து சிந்தும் என்பதால் வேலைக்கு வரும் பெண்களைத் ‘தாயி’ என்றுதான் கூப்பிடுவார். விபத்தில்லாமல் ஆறு வருஷம் ஓட்டியதற்காக ஆயுத பூஜையன்று முதலாளி அவருக்குச் சுவர்க் கடிகாரம் கொடுத்தார்.

இழுப்பது, தட்டுவது, அதட்டுவது எல்லாவற்றையும் வீட்டுக்கு வந்து என் அக்கா யோகலட்சுமியிடம் வைத்துக்கொள்வார். கல்யாணமான நாலு வருஷத்தில் அவளுக்கு ஒரு கடைவாய்ப் பல்லும், ஒரு காதில் பாதியும் போயிருந்தன. இடது மணிக்கட்டு ஒடிந்து, கோணலாகக் கூடியிருந்தது. கம்பெனிக்கு வெளியே நடப்பதெல்லாம் விபத்தில் சேராது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா விருதுநகரிலிருந்து என்னைக் கிளப்பி அனுப்பினாள். அக்காவுக்குத் திருத்தங்கலில் காலண்டர் அடிக்கும் பிரஸ்ஸில் வேலை கிடைத்திருந்தது. மறுநாள் காலையில் சேர வேண்டும். சேர்ந்தால் வலது மணிக்கட்டையும் ஒடிப்பதாக அத்தான் சொல்லியிருந்தார். சொன்ன சொல் தவறாதவர்.

“வேலை வேண்டாம்னு அவகிட்ட சொல்லு. மாப்பிள்ளைகிட்ட ரெண்டு நல்ல வார்த்தை பேசு. சாப்பிட்டுட்டு வா” என்றாள் அம்மா. நான் பி.ஏ. மூன்றாம் ஆண்டு. கடைசி வேலைக்கு மட்டும்தான் தகுதி இருந்தது.

நான் போனபோது அத்தான் முன்னறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சமையலறையில் நூடுல்ஸுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கோஸ், கேரட், பீன்ஸ், குடைமிளகாய் எல்லாம் தீக்குச்சி கனத்தில். வேகவைத்த நூடுல்ஸைப் பச்சைத் தண்ணீரில் அலசி, எண்ணெயில் புரட்டித் தாம்பாளத்தில் பரப்பியிருந்தாள்.

“வாராவாரம் இதேதானா?”

“சைனாக்காரன் வெடியக் கண்டுபிடிச்சு நம்ம உசுர வாங்குதான். அவன்கிட்டயிருந்து இதையாச்சும் வாங்கிக்கிடுவோம்.”

“வேலை வேண்டாம்னு அம்மா சொல்லச் சொல்லுச்சு.”

“சொல்லிட்டேல்ல. தள்ளி நில்லு.”

அடுப்பை முழுசாகத் திறந்துவிட்டாள். இரும்புச் சட்டி புகைந்ததும் எண்ணெய், பூண்டு, காய் என்று போட்டு, இரும்புக் கரண்டியால் கிளற ஆரம்பித்தாள். டங், டங், டங். கதவு வரை வந்த அத்தான் இரண்டடி பின்னால் போனார்.

மருந்து ரூமில் இரும்பு ஆகாது. பித்தளை, மரம் இரண்டும்தான். இரும்போடு இரும்பு உரசினால் பொறி பறக்கும். போர்மேன் ஆவதற்கு முன்னால் வேறொரு கம்பெனியில் பக்கத்து ரூம் அப்படித்தான் வெடித்துப் போனது. மூன்று பேரை இரண்டு சாக்கில் அள்ளியவர் அத்தான். அதிலிருந்து அந்தச் சத்தம் கேட்டால் அவருக்குக் கால் தானாகப் பின்னால் போகும். விருதுநகருக்கு வந்தால் புரோட்டாக் கடை இல்லாத தெருவாகப் பார்த்துத்தான் நடப்பார். அப்படியொரு தெரு அங்கே இல்லாததால் வருவதையே நிறுத்திவிட்டார்.

அக்காவுக்கு நூடுல்ஸ் பிடிக்காது. அதைக் கிண்டுகிற பத்து நிமிஷம்தான் பிடிக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

“ஏலே மாப்ள, அந்தச் சத்தத்த நிப்பாட்டச் சொல்லு” என்றார் அத்தான் முன்னறையிலிருந்து.

“அக்கா, நிப்பாட்டணுமாம்.”

“நிப்பாட்டுனா என்ன செய்வாகன்னு கேளு.”

“என்ன செய்வீகன்னு கேக்கா.”

“கைய ஒடிப்பேன்.”

“கைய ஒடிப்பாகளாம்.”

“அப்ப இன்னுங் கொஞ்சம் வேகட்டும்.”

கோஸ் கருகியது. நூடுல்ஸைக் கொட்டினாள், சோயா சாஸ் ஊற்றினாள், மிளகுத்தூள் போட்டாள், கரண்டியை மட்டும் நிறுத்தவில்லை. அத்தான் டிவியைக் கூட்டி வைத்தார். போதவில்லை. பிறகு முன்னறையில் டிவி சத்தமும் நின்றது. திரும்பிப் பார்த்தால் கதவில் அத்தான் நிற்கிறார், தலையில் முகம் மூடிய ஹெல்மெட்டோடு.

நேராக வந்து அக்காவின் முடியைப் பிடித்து நெற்றியை அலமாரி விளிம்பில் மோதினார். கரண்டி விழுந்தது. இரண்டு கையாலும் அவள் வலது மணிக்கட்டைப் பிடித்துக் கடப்பாக்கல் மேடையின் முனையில் வைத்து அழுத்தினார். விறகு முறிக்கிற நிதானம். அக்கா கத்தவில்லை. நான்தான் கத்தினேன். கத்தியதோடு நில்லாமல் அவர் தோளைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன். ஹெல்மெட்டால் ஒரு முட்டு முட்டினார். என் மூக்குக்குள் ஏதோ நொறுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. சட்டை நனைந்தது.

அக்கா, கோணலாகக் கூடிய இடது கையால், முந்தானையைச் சுற்றிச் சட்டியின் காதைப் பிடித்துத் தூக்கி, அவருடைய இரண்டு முன்கைமேலும் கவிழ்த்தாள்.

எண்ணெயில் பொரிந்த நூடுல்ஸ் ஒட்டினால் ஒட்டினதுதான். அத்தான் கையை உதறினார். நூடுல்ஸ் விழவில்லை; தோல்தான் விழுந்தது. முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தலைக்கவசம் உயிர்க்கவசம் என்று சும்மா எழுதி வைக்கவில்லை.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெந்த கையைப் பார்த்ததும் நர்ஸம்மா கேட்டார், “எந்தக் கம்பெனி? எந்த ரூமு? இன்னும் எத்தன பேரு வாராக?” அதற்குள் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு வாசலுக்கு ஓடினார்கள்.

“கம்பெனி இல்ல” என்றார் அத்தான்.

“பெறகு?”

அத்தான் அக்காவைப் பார்த்தார். பெண்டாட்டி ஊற்றினாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் திங்கட்கிழமை அவள் பிரஸ்ஸுக்குப் பதிலாக ஸ்டேஷனில் இருப்பாள். அத்தான் வாயைத் திறந்தார்.

“சொல்லுங்க” என்றாள் அக்கா மெதுவாக, நெற்றியில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே. “அப்பறம் நானும் சொல்லுதேன். பல்லுலருந்து ஆரம்பிக்கேன். தாயி தாயின்னு கூப்பிடுத பொம்பளையாளுக எல்லாம் கேக்கட்டும்.”

வாயை மூடி, மறுபடி திறந்தார். “சமைக்கும்போது பட்டுருச்சு.”

“யாரு சமைச்சா?”

“நான்தான்.”

“என்னது?”

“நூடுல்ஸு.”

நர்ஸம்மா எங்கள் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தார். “இவுக மண்ட?”

“பக்கத்துல நின்னேன்” என்றாள் அக்கா.

“இந்தப் பையன் மூக்கு?”

“ருசி பாத்தான்.”

எழுதிக்கொண்டார். அத்தானுக்கு இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டுப் போட்டு, வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். பிரிக்க ஒன்றரை மாதம் ஆகும், அதுவரை ஊட்டிவிடக்கூட ஆள் வேண்டும் என்றார்கள். அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை, ஒடியாமல் வீங்கியதோடு தப்பிய வலது கையோடு அவள் திருத்தங்கல் பஸ் ஏறினாள். சாயங்காலம் போன் வந்தது. பிரஸ்ஸில் கூட வேலை பார்க்கும் கற்பகவல்லியோடு ஒரு ரூமில் தங்கிக்கொண்டாளாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்து, தன் துணிமணியை எடுத்துக்கொள்வாளாம்.

“எப்ப வருவா?” என்றார் அத்தான்.

நான் இட்லியைப் பிட்டு அவர் வாயில் வைத்தேன். மென்று முடிக்கும்வரை பதில் சொல்ல வேண்டியதில்லை. அதனால் பெரிய துண்டாகத்தான் வைத்தேன்.