வலையில் ஒரு துண்டு

டோலிடோ ஆங்கர்ஸ் கூடைப்பந்து அணி கோப்பை வென்றால், கூடையில் தொங்கும் வலையை அறுப்பார்கள். ஏணியில் ஏறி ஆளுக்கொரு துண்டு. முதல் கோப்பையின்போது அணியில் ஆடிய ஹார்லனும் அறுத்தான். மோதிரம் வாங்க வக்கில்லாத காலம். வியர்வை காயுமுன் காதலி வெர்னெலிடம் போய் அந்தத் துண்டை அவள் விரலில் முடிந்தான். பிறகு மோதிரம் வந்தது. அவள் கயிற்றைத்தான் போட்டிருந்தாள். போன மார்ச்சில் அதோடுதான் அவளைப் புதைத்தான்.

இப்போது அணி ஆறு கோப்பைகள் வென்றுவிட்டது. அரங்கத்தில் அணியின் வரலாற்றுக்கென ஒரு கூடம் கட்டினார்கள். முதல் வலையைத் திரும்பக் கோக்க வேண்டுமாம். விளம்பரப் பிரிவிலிருந்து கெல்சி என்ற பெண் வீட்டுக்கே வந்தாள்.

“எல்லாரும் குடுத்துட்டாங்க சார். உங்களோடதுதான் பாக்கி.”

“அது என் பொண்டாட்டி கையில இருக்கு.”

“அவங்ககிட்ட நான் கேட்டுப் பாக்கட்டுமா?”

“அவ கல்லறையில இருக்கா.”

கெல்சி காப்பியைக் கீழே வைத்தாள்.

“அந்த இடத்தைக் காலியா விடுங்க,” என்றான். “கீழ, ‘வெர்னெலிடம் இருக்கிறது’ன்னு எழுதுங்க. அது போதும்.”

“கண்டிப்பா சொல்றேன் சார்.”

திறப்பு விழாவுக்கு வெர்னெல் எடுத்துக் கொடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனான். கண்ணாடிக்குள் வலை முழுசாகத் தொங்கியது. அவன் துண்டுக்கான இடத்தின் அடியில் பலகை: ‘ஹார்லன் இத்தனை ஆண்டுகள் பொத்திவைத்திருந்து அளித்த துண்டு.’

“இது என்னோடது இல்ல,” என்றான் கெல்சியிடம்.

அவள் தரையைப் பார்த்தாள். “ஓட்டையோட வச்சா நல்லா இருக்காதுன்னு மேல சொல்லிட்டாங்க சார். ஜெயிச்ச கதையில எதுக்கு சாவுன்னாங்க.”

அவனோடு ஆடிய டூயி, வாய் நிறைய இறைச்சியோடு வந்தான். “எதுக்குடா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? என்னோடதும்தான் என்னோடது இல்ல. ஷூ கயித்த வெட்டி காப்பியில முக்கிக் குடுத்தேன். பாரு, எவ்வளவு பழசாத் தெரியுது.”

“நீ தொலைச்ச. நான் தொலைக்கல.”

டூயி மெல்லுவதை நிறுத்தினான்.

படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். பழைய ஆட்டக்காரர்கள் வலையின் இருபுறமும் நின்றார்கள். ஹார்லன் தன் பலகைக்கு நேர் முன்னால் போய் நின்றான்.

“சார், கொஞ்சம் தள்ளுங்க. உங்க பேர் மறையுது.”

“மறையட்டும்.”

யாரோ சிரித்தார்கள். டூயி அவன் முழங்கையைப் பிடித்து, மெதுவாக, ஓரமாக நகர்த்தினான். படம் எடுத்தார்கள்.