மண்டிக்குப் போன தேங்காய் மூடி

ரீவைண்டிங் முடிந்து வந்த மோட்டார் எங்கள் கிணற்றில் மொத்தம் பதினொரு மணி நேரம் ஓடியது. பிறகு புகைந்தது.

அதற்கான கூலி முந்நூற்றுப் பத்து ரூபாயை, எங்களைக் கேட்காமலே மண்டி கொடுத்துவிட்டிருந்தது.

கொல்லங்கோட்டுப் பக்கம் இது வழக்கம்தான். நிலக்கடலையை அர்த்தநாரி மண்டியில் போட்டால் பணம் அங்கேயே நிற்கும். உரக்கடைக்காரர், ஜவுளிக்கடைக்காரர் எல்லோரும் மண்டிக்குப் போய் எங்கள் பேரைச் சொல்லிப் பாக்கியை வாங்கிக்கொள்வார்கள். மோட்டார் வேலைக்கு மட்டும் ஓர் அடையாளம் வேண்டும். மோட்டாரை மாட்டித் தண்ணீர் விழுந்ததும் கிணற்று மேட்டில் தேங்காய் உடைப்போம். ஒரு மூடி வீட்டுக்கு. இன்னொரு மூடி வைண்டிங்காரருக்கு. அவர் அதை மண்டியில் வைத்தால், வேலை சரியாக நடந்தது என்று பொருள்.

வைண்டிங்கார ரத்தினசாமி மூடியை வைத்து, பணத்தை வாங்கிக்கொண்டு போயிருந்தார்.

மண்டியில் எங்கள் பேரில் வேறு பணம் இல்லை. கொடுத்த கூலியை எங்கள் கணக்கில் திருப்பி எழுதினால்தான் மோட்டாரை வேறு கடையில் கொடுக்க முடியும். தண்ணீரில்லாமல் கரும்புத் தோகை சுருளத் தொடங்கியிருந்தது.

அப்பா முதல் முறை போனபோது அர்த்தநாரி பொள்ளாச்சிக்குப் போயிருந்தார். அடுத்த முறை, ரத்தினசாமியைக் கூட்டிவரச் சொன்னார். ரத்தினசாமி, எல்லாம் வோல்டேஜ் செய்த வேலை, கரண்டு ஆபீசில் கேளுங்கள் என்றார். கரண்டு ஆபீசில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமல், "லைனுக்கு குழப்பமொன்னுமில்லா" என்று மலையாளத்தில் சொன்னார். லைனில் கோளாறு இல்லையாம். எங்கள் லைனிலேயே இருந்த மற்றக் கிணறுகளில் மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன.

கடைசியில் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நான் பி.எஸ்சி. பிசிக்ஸ். நாலு பேர் முன்னால் பேச வராது. சொல்ல வேண்டிய வாக்கியத்தை பஸ்ஸில் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"அப்பா, அன்னைக்குக் கெணத்து மேட்டுல நடந்ததையும் சொல்லிரலாமுங்களா?"

"அது வேண்டாம்."

"அதுதானுங்க முக்கியம்."

"வேண்டாம்னா உடு கண்ணு. ஊரே சிரிக்கும்."

ஊரில் யார் மாடு வாங்கினாலும் பல்லைப் பார்த்துச் சொல்ல அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். எதையும் சோதிக்காமல் காசை நீட்டாதே என்று எல்லோருக்கும் சொல்கிறவர் அவர். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மண்டியில் ரத்தினசாமியும் இருந்தார். கடலை மூட்டை ஒன்றின் மேல் வசதியாக உட்கார்ந்திருந்தார்.

"வாங்க காளிச்சாமியண்ணா" என்றார் அர்த்தநாரி. "அம்மிணியையும் கூட்டியாந்தாச்சா? அப்ப இன்னைக்குக் கோர்ட்டுதான்."

"மோட்டாரு கருகிப் போச்சுங்க. பணத்தைத் திருப்பி எழுதுங்க" என்றார் அப்பா.

"நான் எப்படிங்க எழுதறது? மூடி வந்துச்சு, குடுத்தேன்."

"எங்கீங்க அந்த மூடி?"

"அது ஊட்டுல சட்னிக்குப் போயிருச்சு. நல்ல காய்ங்க."

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார். நான் என் வாக்கியத்தைச் சொன்னேன். அதே நேரம் தராசுக்காரர் எடையைக் கத்திச் சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

"சுத்துன கம்பி மேல பூசுன வார்னிஷ் காயலைங்க. மோட்டாரு வந்த அன்னைக்கே தொட்டா வெரல்ல ஒட்டுச்சு. சூட்டுல வெச்சு உலர்த்தியிருக்கோணுங்க."

"படிச்ச புள்ள, சரியாத்தான் சொல்லுது" என்றார் ரத்தினசாமி. "ஒட்டுறதைப் பாத்துட்டு எதுக்கு அம்மிணி தேங்கா உடைக்க உட்டீங்க?"

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"எனக்கும் அதுதான் கேள்வி" என்றார் அர்த்தநாரி. "நான் கெணத்து மேட்டுல நிக்கலீங்க. தண்ணி பாத்துட்டுத்தானுங்க உடைச்சீங்க?"

அப்பா தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

"பாக்காம பின்ன?" என்றார் ரத்தினசாமி. "இந்தத் தொடை தண்டி தண்ணி உளுந்துச்சுங்க. வாய்க்கால் பூரா நொரை. அண்ணனே 'போதும் ரத்தினசாமி, கண்ணு நெறைஞ்சிருச்சு'ன்னாரு."

இதை அவர் அர்த்தநாரியைப் பார்த்துச் சொல்லவில்லை. அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அப்பா மறுக்க மாட்டார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"அப்படித்தானுங்களாண்ணா?"

"உடைச்சது உடைச்சதுதானுங்க" என்றார் அப்பா, தரையைப் பார்த்து.

"அப்ப நான் என்ன பண்ணட்டுங்க? தேங்கா உடைச்சுப்போட்டு, கூலி இல்லைன்னா எப்படி? நாளைக்கு எந்த வைண்டிங்காரன் என்ற மண்டிக்கு வருவான்?"

அப்பா எழுந்தார். செருப்பைத் தேடினார். இனி யாரிடமாவது கைமாற்று கேட்பார். அதற்கு இரண்டு வாரம் ஆகும். கரும்பு இரண்டு வாரம் தாங்காது. இது அவருக்கும் தெரியும். தெரிந்தும் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ரத்தினசாமி மேல் வந்த கோபத்தைவிட அந்தச் செருப்பின் மேல்தான் அதிகம் வந்தது.

"ஏனுங்க, இவரு மூடியைக் கொண்டாந்தப்ப மணி என்ன இருக்குமுங்க?" என்று அர்த்தநாரியைக் கேட்டேன்.

"நீ வா கண்ணு, பஸ்ஸு போயிரும்" என்றார் அப்பா.

அர்த்தநாரி யோசித்தார். "வெள்ளிக்கிழமை. மத்தியானச் சோத்துக்கு ரொம்ப முன்னாடி. பதினொன்னு, பதினொன்னேகால் இருக்கும். ஏன் அம்மிணி?"

ரத்தினசாமி மூட்டையிலிருந்து இறங்கினார்.

"அன்னைக்கு எங்க லைன்ல கரண்டு ஒரு மணிக்குத்தானுங்க வந்துச்சு. கரண்டு ஆபீசுல கேட்டாலும் சொல்லுவாங்க."

தராசுக்காரர் எடை சொல்வதை நிறுத்தியிருந்தார். இப்போது எல்லோருக்கும் கேட்கும். நான் அப்பாவைப் பார்க்காமல் சொன்னேன்.

"பத்தரைக்கு ராகுகாலம் வந்துரும், தண்ணி எப்படியும் வந்துரும், இப்பவே உடைங்கன்னு இவரு அவசரப்படுத்துனாருங்க. எங்கப்பா வெறுங்குழாய்க்குத் தேங்கா உடைச்சாருங்க."